முகம் காட்டச் சொல்கிறார்கள்

கல்லூரி வாசல்களில் இப்போது ஒரு சொல் புழங்குகிறது: போர்ட்ஃபோலியோ. ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் கையில் தூக்கிக்கொண்டு அலைந்த பெரிய அட்டைப் பைக்குத்தான் முன்பு அந்தப் பெயர். செய்த வேலைகளை அதில் அடுக்கி வைத்திருப்பார்கள், வேலை கேட்டுப் போகிற இடத்தில் பிரித்துக் காட்டுவார்கள். அந்தப் பை இன்று கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. பி.காம். படித்தவரும் பி.எஸ்சி. படித்தவரும், ஏன் தமிழ் இலக்கியம் படித்தவரும்கூட, தான் செய்த புராஜெக்ட், போய் வந்த பயிற்சி, வாங்கிய சான்றிதழ், தன்னைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு நிமிடம் பேசிய வீடியோ எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் ஏற்றி அந்த இணைப்பைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பட்டம் இருக்கட்டும், உன்னால் என்ன முடியும் என்று காட்டு என்கிறார்கள். 2022 மார்ச் 1-இல் தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கிய பிறகு அரசு கலைக் கல்லூரி வகுப்பறை வரைக்கும் இந்தத் 'திறன்' பேச்சு வந்துவிட்டது. லிங்க்ட்இன், கிட்ஹப் என்ற பெயர்கள் போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே காதில் விழுகின்றன.

இதற்கெல்லாம் ஒரு தலித் பத்திரிகை தலையங்கம் எழுத வேண்டுமா, எழுதுவதற்கு வேறு கொடுமைகளா இல்லை என்று தோழர்கள் இருவர் கேட்டார்கள். கொடுமைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பொட்டிபுரம், ராசிங்கபுரம், சிலமலை, சங்கராபுரம் பக்கமிருந்து நம் பத்திரிகையை வாங்கிப் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அவரவர் வீட்டின் முதல் பட்டதாரிகள். விடிகிறதுக்கு முன்னாலேயே ஜீப்பில் ஆள்மேல் ஆளாக அடைந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களில் செடியின் தூரில் குனிந்து குனிந்து ஏலக்காய் எடுத்த அம்மாக்களின் கூலிதான் அந்தப் பட்டமாகச் சுவரில் தொங்குகிறது. ஏலத்தோட்டக்காரர்களின் சங்கம் 1970-இல் போடியில் ஒரு கல்லூரி வைத்தது. தோட்டத்தில் காய் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று அங்கே படிக்கிறார்கள். 2012-இல் அரசு பொறியியல் கல்லூரியும் வந்தது. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் பாதையை மூடிய பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலே இல்லாத போடிக்கு 2023 ஜூனில் சென்னை ரயில் வந்தது. வேலை தேடிப் போகிற நம் பிள்ளைகள் அதில் ஏறுகிறார்கள். இத்தனையும் ஆன பிறகு, பட்டம் பத்தாது, வேறொன்று காட்டு என்று ஒருவன் சொன்னால் அது யாருடைய பிரச்சினை? கூலி நம்முடையது என்றால் இந்தப் பிரச்சினையும் நம்முடையதுதான்.

(பொட்டிபுரத்தை வெளியுலகம் அறிந்தது நியூட்ரினோவால். அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மலை போகும், தண்ணீர் போகும் என்று மக்கள் எதிர்த்தார்கள். 2022-இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் இது வேண்டாம் என்றது. கண்ணுக்குத் தெரியாத துகளுக்குக் கிடைத்த கவனம், அதே ஊரில் கண்ணுக்குத் தெரிகிற பட்டதாரிக்குக் கிடைக்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.)

இந்தப் போர்ட்ஃபோலியோ விவகாரத்தில் நம்மவர்களிடையே இரண்டு பேச்சு ஓடுகிறது. இது முதலாளித்துவம் தொழிலாளியைச் சந்தைச் சரக்காகப் பொட்டலம் கட்டுகிற புதிய தந்திரம், நமக்கெதற்கு என்கிறார்கள் சிலர். இன்னும் சிலர், திறமை இருந்தால் சாதி ஒன்றும் செய்யாது, கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது, நம்ம பிள்ளைகள் கற்றுக்கொண்டால் போதும் என்கிறார்கள். முதல் பேச்சுக்காரர்களிடம் ஒரு கேள்வி: வீட்டில் இரண்டு வருஷமாக வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் இதைப் போய்ச் சொல்வீர்களா? இரண்டாவது பேச்சுக்குத்தான் நாம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தகுதி, திறமை என்று அந்தப் பக்கம் இருப்பவன் சொல்லும்போது நமக்குச் சட்டென்று விளங்குகிறது. நம் வாயிலிருந்தே அது வரும்போதுதான் விளங்குவதில்லை.

நம்மில் இன்று மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எந்தக் கதவு வழியாக வந்தோம்? எழுத்துத் தேர்வும் இட ஒதுக்கீடும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கு நேர்முகம் கிடையாது. வங்கி எழுத்தர் பணிக்கும் இப்போது கிடையாது. மத்திய அரசு 2016 ஜனவரி முதல் கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகத்தை நிறுத்தியது. இதை எழுதுகிறவனும் அந்தக் கதவு வழியாக வங்கிக் கவுண்டருக்கு வந்தவன்தான். விடைத்தாளைத் திருத்துகிற இயந்திரத்துக்கு நீ எந்தத் தெரு என்று தெரியாது, உன் அப்பன் செருப்புத் தைத்தானா வரப்பு வெட்டினானா என்று தெரியாது. மனப்பாடத் தேர்வு, மூளையை மழுங்கடிக்கிற தேர்வு என்று அதை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், திட்டவும் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு பெரிய குணம் உண்டு. அதற்குக் கண் கிடையாது. போர்ட்ஃபோலியோ இதற்கு நேர் எதிர். அது முகத்தை முதலில் காட்டச் சொல்கிறது. படம் எங்கே, குரல் எங்கே, எந்த ஊர், எந்தப் பள்ளி, உன்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாக எழுதக் கூடியவர் யார் என்று கேட்கிறது. தேர்வு மறைத்ததை எல்லாம் இது வரிசையாக மேசைமேல் எடுத்து வைக்கிறது.

இது கற்பனைப் பயம் அல்ல. சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் சேர்ந்து ஒரு பரிசோதனை செய்தார்கள். 2007-இல் அது வெளிவந்தது. ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றுபோல் இருந்த விண்ணப்பங்களிலும் பெயர் மட்டும் வேறு வேறு: ஒன்று உயர்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு நேர்முக அழைப்பு வருவதற்கு இருந்த வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. கையெழுத்து இல்லை, முகம் இல்லை, பேச்சு இல்லை. வெறும் பெயர். அமெரிக்காவில் 2004-இல் வெளிவந்த இதே மாதிரியான ஓர் ஆய்வில் வெள்ளைக்காரப் பெயர்களுக்குக் கறுப்பினப் பெயர்களைவிட ஐம்பது சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. 2007-இலேயே சுரீந்தர் ஜோத்காவும் காத்தரின் நியூமனும் தில்லி வட்டாரக் கம்பெனிகளில் ஆள் எடுக்கிற அதிகாரிகளைச் சந்தித்துக் கேட்டார்கள். நாங்கள் சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் என்று சொன்ன அதே வாயால், நேர்முகத்தில் 'குடும்பப் பின்னணி' கேட்போம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், அம்மா படித்தவரா, எங்கே வளர்ந்தாய். இதற்கெல்லாம் சாதி என்று பெயர் வைக்காமல் இருப்பதுதான் நவீனம்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிவால் கிடையாதே, நம்மை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்கலாம். சுயமரியாதை இயக்கம் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று, மறுக்கவில்லை. ஆனால் வாலை வெட்டிய இடத்தில் முகவரி முளைத்திருக்கிறது. 'நேட்டிவ் எங்கே?' என்று ஆரம்பிப்பார்கள். தேனி என்றால் தேனியில் எங்கே, போடி என்றால் போடியில் எங்கே, ஊருக்குள்ளேயா தள்ளியா என்று கீழே இறங்கிக்கொண்டே வந்து தெருவில் நிற்பார்கள். சான்றிதழில் 'ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி' என்று அச்சடித்துக் கொடுத்த பிறகு வேறு எதைத் தேட வேண்டும்? நம் மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று இன்னொரு பெயர்ப்பலகையும் உண்டு. பள்ளிப் பெயர்களிலிருந்து இவற்றை எடுத்துவிட வேண்டும் என்று நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதே வருஷம் ஜூலையில் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தார்கள். வரவேற்போம். ஆனால் பழைய மாற்றுச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஏறிய பெயர் ஏறியதுதான். அந்தக் காகிதத்தை ஸ்கேன் செய்து உலகத்துக்கே தெரிகிற மாதிரி போர்ட்ஃபோலியோவில் ஏற்றச் சொல்லித்தான் பயிற்சி கொடுக்கிறார்கள்.

நம்மிடம் இரண்டு வரிசை உண்டு. ஒரு வரிசையில் சாதிச் சான்றைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்: உதவித்தொகை, விடுதி, அரசு வேலை. இன்னொரு வரிசையில் அது தெரிந்தால் வெளியே தள்ளுவார்கள். ஒரே பிள்ளை காலையில் ஒரு வரிசையிலும் மத்தியானம் இன்னொரு வரிசையிலும் நிற்கிறது. 'கம்யூனிட்டி சர்டிபிகேட்டையும் அதுல போடணுமாண்ணே?' என்று சிலமலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டார். அவர் கேட்டது தொழில்நுட்பச் சந்தேகம் மாதிரித்தான் இருந்தது.

இந்தக் கேள்வி புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் எழுதிய தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோவையில் படித்த காலத்தைச் சொல்கிறார். தன் சாதியும் இருப்பிடமும் குடும்பமும் மற்ற மாணவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்கேயாவது வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். 1917-இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிப் பெயரில் ஒரு விடுதியில் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு வந்து துரத்தினார்கள். அவருடைய படிப்பைவிடப் பெரிய போர்ட்ஃபோலியோ அன்றைக்கு இந்தியாவில் எத்தனை பேரிடம் இருந்தது? பிற்பாடு பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கியபோதும், ஆள் யார் என்று தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். திறமை இருந்தால் சாதி ஒன்றும் செய்யாது என்கிற தோழர்கள் இந்த இரண்டு பேரை முதலில் படிக்கட்டும்.

கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்பதையும் பார்த்துவிடலாம். விண்ணப்பங்களை இப்போது மனிதன் படிப்பதற்கு முன்னால் இயந்திரம் படித்துக் கழிக்கிறது. அமேசான் கம்பெனி 2014-இல் அப்படி ஓர் இயந்திரம் செய்யத் தொடங்கியது. பத்து வருஷமாகத் தனக்கு வந்த விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இயந்திரம், பெண்கள் என்ற சொல் வந்த விண்ணப்பங்களின் மதிப்பைக் குறைத்தது, சில பெண்கள் கல்லூரிகளின் பெயரைக் கண்டாலும் குறைத்தது. சரிசெய்யப் பார்த்து முடியாமல் கைவிட்டார்கள் என்று 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. யாரும் அதனிடம் பெண்ணைக் கழி என்று சொல்லவில்லை. நேற்று வரை நடந்ததைக் காட்டினார்கள், அது நாளைக்கும் அதையே செய்தது. நம் நாட்டுக் கம்பெனி ஒன்று இருபது வருஷமாக யாரை வேலைக்கு எடுத்ததோ அவர்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம், எந்தப் பள்ளியை, எந்த ஊரை, எந்த இங்கிலீஷைத் தேடும்?

அப்படியானால் விட்டுவிடலாமா? கூடாது. செய்த வேலையைக் காட்டி வேலை கேட்பது என்ற கருத்தில் நமக்கு விரோதம் இல்லை. உண்மையில் அது நம்முடைய கருத்து. தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்கள் நாம், செய்யாமல் பெயர் வாங்கியவர்கள் அவர்கள். சிக்கல் எங்கே என்றால், எது வேலை என்று முடிவு செய்கிற அதிகாரம் நம்மிடம் இல்லை. சென்னையில் மாமா கம்பெனியில் இரண்டு மாதம் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வந்தால் அதற்குப் பெயர் இன்டர்ன்ஷிப். கோடை விடுமுறையில் அம்மாவோடு மலையேறி, ஆள் கணக்கும் எடைக் கணக்கும் எழுதி, கங்காணியிடம் கூலி பாக்கிக்கு வாதாடி வாங்கி வந்தால் அதற்குப் பெயரே கிடையாது. 2024-இல் மத்திய அரசு அறிவித்த இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5000 ரூபாய் என்றது. அந்தப் பணத்தில் பெரு நகரத்தில் பன்னிரண்டு மாதம் தங்கிச் சாப்பிடக் கூடியவர், ஊரிலிருந்து பணம் வருகிறவர்தான். பயிற்சிக்கு நாம் வாங்குகிற கூலிதான் நம் போர்ட்ஃபோலியோவில் முதல் பக்கம் இருக்குமா இருக்காதா என்று தீர்மானிக்கிறது.

எனவே நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்: உங்களிடம் ஒன்றுமில்லை என்று நம்பாதீர்கள். இந்த மலையடிவாரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மலையாளம் வாயில் தண்ணீராக வருகிறது! தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள், லீவுக்கு லீவு மேலே போய் வந்தவர்கள். பிரெஞ்சு மொழி மூணு மாதம் படித்து ஒரு சான்றிதழ் வாங்கியவன் அதைத் 'திறன்' என்று எழுதிக்கொள்கிறான். இரண்டு மொழியில் யோசிக்கத் தெரிந்த நம் பெண், 'அது சும்மா பேசுறதுண்ணே' என்று வெட்கப்படுகிறாள். அது சும்மா இல்லை. எழுத்தையும் கற்றுக்கொண்டு, இடுக்கிப் பக்கத்து மலையாளப் பத்திரிகைச் செய்தி மூன்றைத் தமிழில் பெயர்த்து, மூலத்தையும் பெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது ஒரு போர்ட்ஃபோலியோ. ஏலக்காய் வியாபாரம் இரண்டு மாநிலத்திலும் நடக்கிறது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் புற்றடியிலும் போடியிலும் நடக்கிறது. இரண்டு மொழியும் கணக்கும் தெரிந்த ஆள் அங்கே தேவைப்படாமலா இருக்கும்? பி.காம். படித்தவர் மகளிர் சுயஉதவிக் குழுவின் ஒரு வருஷக் கணக்கைப் பெயர்களை மறைத்துவிட்டு ஒழுங்குபடுத்திக் காட்டலாம். கணினி படித்தவர் தினசரி ஏல விலையையும் அன்றைய காய் எடுப்புக் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிற ஒரு சின்னப் பக்கம் செய்யலாம். கம்பெனிக்கும் புரியும், நமக்கும் உதவும். புவியியல் படித்தவர் தன் ஊர்ச் சுடுகாட்டுப் பாதையை, பஞ்சமி நிலத்தை வரைபடமாக்கலாம். தமிழ் படித்தவர் பாட்டிமார் பாடுகிற தோட்டப் பாட்டுகளைப் பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து, சொல்லுக்குப் பொருள் எழுதி வைக்கலாம்.

செய்முறையும் கொஞ்சம். மூன்று வேலை போதும், முப்பது வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் என்ன சிக்கல் இருந்தது, நீ என்ன செய்தாய், என்ன ஆனது என்று ஐந்தாறு வரி. போனில் திறந்தால் உடனே திறக்க வேண்டும். கூட்டாகச் செய்ததைத் தனியாகச் செய்ததாக எழுத வேண்டாம், யார் யார் எதைச் செய்தீர்கள் என்று எழுதுங்கள், அதற்கு மதிப்பு அதிகம். படம் கேட்காத இடத்தில் படம் வைக்காதீர்கள். தகப்பன் பெயர், தெருப் பெயர், பிறந்த தேதி எதுவும் தேவையில்லை. மாவட்டம் போதும். சாதிச் சான்றும் மாற்றுச் சான்றிதழும் டிஜிலாக்கரில் பத்திரமாக இருக்கட்டும், உரிமையைக் கேட்கிற வரிசையில் மட்டும் எடுத்து நீட்டுங்கள். காசு வாங்கிக்கொண்டு போர்ட்ஃபோலியோ செய்து தருகிற ஆட்கள் முளைத்திருக்கிறார்கள். ஒரே அச்சில் நூறு பேருக்கு வார்த்துக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் ஏமாறாதீர்கள்.

அம்பேத்கர் படத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்கிறார்கள். நம் இதழில் எழுதிய கவிதை, பெயரைத் தட்டினால் வந்து நிற்கிறதே, அதை நீக்கச் சொல்லலாமா என்று கேட்டு இரண்டு கடிதம் வந்திருக்கிறது. ஆசிரியர் குழுவில் இதைப் பற்றிச் சண்டையே நடந்தது. மறைக்கிறவன் துரோகி என்றார் ஒரு தோழர். அவர் நிரந்தர வேலையில் இருக்கிறார் என்பதை இன்னொருவர் நினைவுபடுத்தினார். நம் முடிவு இது: நீக்கச் சொன்னால் நீக்குவோம், புனைபெயர் கேட்டால் தருவோம், காரணம் கேட்க மாட்டோம். மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே நின்ற அந்த மாணவர்தான் 1893-இல் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். எப்போது மறைப்பது, எப்போது நெற்றியில் ஒட்டிக்கொள்வது என்பதை அடுத்தவன் தீர்மானிக்கக் கூடாது. கம்பெனியும் கூடாது, நாமும் கூடாது.

தனி ஆளின் சாமர்த்தியத்தால் மட்டும் இது தீராது என்பதால் கோரிக்கைகளும் உண்டு. அரசுப் பணத்தில், அரசுக் கல்லூரியில் நடக்கிற வேலைவாய்ப்பு முகாம்களிலாவது முதல் சுற்றில் பெயர், படம், முகவரி, பள்ளிப் பெயரை மூடிவிட்டு வேலையை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இசைக்குழுக்கள் திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்லி ஆள் எடுக்கத் தொடங்கின. திரை போட்ட பிறகு பெண் கலைஞர்கள் தேர்வாவது கூடியது என்று 2000-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஒரு திரை போடுவதில் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? 'நான் முதல்வன்' முதலான திட்டங்களில் எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்ற கணக்கு மேடையில் சொல்லப்படுகிறது. அதில் எஸ்.சி., எஸ்.டி. எத்தனை பேர், அவர்களில் வேலை கிடைத்தவர் எத்தனை பேர், எந்தச் சம்பளத்தில், ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருப்பவர் எத்தனை பேர் என்று கல்லூரி வாரியாகக் கேட்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. மாணவர் தோழர்கள் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தங்கள் கல்லூரியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்ற கோரிக்கையை இதற்காகக் கீழே வைக்க முடியாது. 2004-இல் மத்திய ஆட்சியின் குறைந்தபட்சச் செயல்திட்டத்தில் அது பேச்சாக வந்தது. சட்டம் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று முதலாளிகள் சங்கங்கள் 2006-ஐ ஒட்டித் தாமாக ஒரு நடத்தை விதி எழுதிக்கொண்டன. பூனை பாலுக்குக் காவல் இருந்த அந்தக் கதையின் மீதியைத்தான் தோரட்டின் 4808 விண்ணப்பங்கள் சொல்லின. அரசு வேலைகள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரைகிற காலத்தில், அரசுத் துறைக்கு மட்டுமான 18 சதவீதம் என்பது வற்றுகிற கண்மாயில் மீன் பங்கு கேட்பதுதான். அருந்ததியருக்கு 2009-இல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீடும் அந்தக் கண்மாய்க்குள்தான்.

அடுத்த இதழிலிருந்து நடுப்பக்கம் இரண்டை, பெயர் போட விரும்புகிறவர்கள் பெயரோடும் விரும்பாதவர்கள் பெயரில்லாமலும், நம் பட்டதாரிகள் செய்த வேலைகளுக்கு ஒதுக்குகிறோம். போடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்யலாம் என்று சில தோழர்கள் முன்வந்திருக்கிறார்கள். 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகள் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. பாட்டரி செத்திருந்தாலும் வயரைச் செருகினால் ஓடும், எடுத்து வாருங்கள். மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் முதல் வாரமே வந்துவிட வேண்டும், அவர்களுக்குத்தான் வேலை அதிகம்.